அண்ணா கை தூக்கிய நாள்

அண்ணா மூன்று கிழமை என்று சொல்லித்தான் மெல்பனுக்கு வந்தார். ஓகஸ்ட் மாதக் குளிர். விமான நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்தவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய கோட்டில் குத்தியிருந்த கட்சிச் சின்னம்தான். அந்தக் கட்சி அவரை வெளியே தள்ளி ஒரு மாதம் ஆகியிருந்தது. கழற்ற மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே குத்திக்கொண்டு வந்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

அண்ணா லண்டனின் புறநகர் ஒன்றில் கவுன்சிலர். பாராளுமன்ற உறுப்பினர் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் அரசியல்வாதி. மன்னாரிலிருந்து அகதியாகப் போய், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய அகதி வழக்குக்குக் கடிதம் எழுதித் தந்தவர் அந்தக் கட்சியின் உள்ளூர்க்காரர் ஒருவர். அந்த நன்றிக்காகத் துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் போனவர் அப்படியே கட்சியோடு ஒட்டிக்கொண்டார். மழையிலும் பனியிலும் வீடு வீடாகப் படியேறினார். இரண்டு தேர்தலில் அவருக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டு வேறு யாருக்கோ கொடுத்தார்கள். அப்போதும் அந்த வேறு யாருக்காகவோ படியேறினார். மூன்றாவது தடவை நிறுத்தினார்கள், வென்றார்.

அதற்குப் பிறகு சபையில் அவர் கட்சியை மீறி ஒருநாளும் கை தூக்கியதில்லை. தன்னுடைய வட்டாரத்து நூலகத்தையே மூடும் தீர்மானம் வந்தபோதும் கட்சியோடுதான் நின்றார். அன்றைக்குத் தொலைபேசியில், "கட்சி எண்டா அப்பிடித்தான் பிள்ளை. பிடிச்சதுக்கு மட்டும் நிண்டா அது கட்சியில்லை" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒருநாள் கட்சியை எதிர்த்துக் கை தூக்கினார் என்று செய்தி வந்தது.

விஷயம் இதுதான். மாற்றுத்திறனாளிகளான வளர்ந்த பிள்ளைகள் பகலில் வந்து இருக்கும் ஒரு நிலையம் அவருடைய வட்டாரத்தில் இருந்தது. அதை மூடிவிடலாம் என்று ஆளுங்கட்சியான அண்ணாவின் கட்சி முடிவெடுத்தது. எதிர்க்கட்சி, மூடக்கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தத்துக்கு அண்ணா கை தூக்கிவிட்டார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் திருத்தம் நிறைவேறியது. நிலையம் தப்பியது. பார்வையாளர் மாடத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எழும்பி நின்று கை தட்டினார்களாம். உள்ளூர்ப் பத்திரிகையில் அண்ணா கையை உயர்த்திக்கொண்டு இருக்கும் படம் வந்தது. கட்சிக் கொறடா அடுத்த கிழமையே அவரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார்.

அந்தப் படத்தை நான் என்னுடைய வேலையிடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். மெல்பனின் மேற்கே ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டி லொறிக்கு அனுப்பும் பகுதியில் வேலை செய்கிறேன். என்னோடு நிற்கும் பஞ்சாபிப் பெண்ணும் சமோவாக்காரரும்கூட அந்தப் படத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள். பெருமையாக இருந்தது.

பெருமைக்குரியவர் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு கதிரையில் இருந்தபடி ஜன்னலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமை முடிந்தது. பயணச்சீட்டை மாற்றினார். இன்னொரு மாதம் முடிந்தது, மறுபடியும் மாற்றினார். காலையில் எங்கள் குடியிருப்பின் தெருக்களில் நடப்பார். பாதி கட்டிய வீடுகளையும், ரோடு திடீரென்று நின்று புல்வெளி தொடங்கும் இடங்களையும் பார்த்துவிட்டு வந்து, "இஞ்ச நடைபாதை ஏன் அந்தச் சந்தியோட முடியுது? ஆரிட்டைச் சொல்லவேணும்?" என்று என் கணவரைக் கேட்பார்.

"மச்சான், அது தானா வரும். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பார் அவர்.

அது தானாக வராது என்று அண்ணா ஒரு நீண்ட கடிதம் எழுதி என்னிடம் கையொப்பம் கேட்டார். நானும் போட்டேன். பத்து வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், நகரசபைக்குக் கடிதம் எழுதலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

ஒக்டோபரில் எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பிறகு, தேவாலய மண்டபத்தில் ஒரு சிறிய ஒன்றுகூடல் வைத்தார்கள். ஒழுங்கு செய்தவர் எங்கள் பங்கு மக்களில் மூத்த ஒருவர். எல்லாரும் அங்கிள் என்று கூப்பிடுவோம். "கொள்கைக்காகப் பதவியைத் தூக்கி எறிஞ்ச எங்கட மன்னார்ப் பிள்ளை" என்று ஒலிவாங்கியில் சொல்லி அண்ணாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அண்ணா பதவியை எறியவில்லை, இன்னும் கவுன்சிலர்தான் என்று அங்கிளிடம் சொல்ல நினைத்தேன். பிறகு, அதை இப்போது சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன்.

அண்ணாவைப் பேசச் சொன்னார்கள். அவர் பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அண்டைக்கு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிறையத் திருத்தம் வந்தது. எனக்குக் களைப்பு. மேயர் 'எதிர்க்கிற ஆக்கள்' எண்டு கேக்கிறார் எண்டு நினைச்சுத்தான் கையைத் தூக்கினனான். அவர் கேட்டது 'ஆதரிக்கிற ஆக்கள்' எண்டு. நான் பிழையாத்தான் தூக்கினனான்."

பிறகு மண்டபம் முழுதும் சிரிப்பும் கைதட்டலும். அங்கிள் அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியளோ, என்ன ஒரு அடக்கம்!" என்றார். அண்ணா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோல்ஸும் வடையும் வந்துவிட்டன.

காரில் நான் அவரைக் கேட்டேன். "அண்ணா, ஏன் அப்பிடிப் பகிடி விட்டனீங்கள்?"

"பகிடி இல்லைப் பிள்ளை. நடந்ததைத்தான் சொன்னனான்."

கணவர் வேகத்தைக் குறைத்தார். நான் பின்னால் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொன்ன முகம் இல்லை.

"அப்ப பக்கத்தில இருந்த ஆக்கள் சொல்லேல்லையே?"

"சொன்னவை. பக்கத்தில இருந்தவர் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தவர். அப்பதான் எனக்கு விளங்கினது. மேலே பாத்தன். அந்தத் தாய்மார் எழும்பிட்டினம். ஒராள் அழுறா. அந்த நேரம் கையை எப்பிடிக் கீழ இறக்கிறது?"

எனக்கு ஏனோ கோபம்தான் வந்தது. வேலையிடத்தில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. பிழையாகத் தூக்கிய கையையா நான் எல்லாருக்கும் காட்டினேன்? ஆனால் விளங்கிய பிறகும் அவர் இறக்கவில்லையே. அப்படியானால் அது பிழையா? குசினியில் பாத்திரம் கழுவும்போதும், களஞ்சியத்தில் சீட்டு ஒட்டும்போதும் இதே யோசனை. ஒருநாள் சிட்னிக்குப் போகவேண்டிய பெட்டிகளுக்கு அடிலெய்ட் சீட்டை ஒட்டி மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவம்பரில் லண்டனிலிருந்து அண்ணி எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணி ஒரு பாடசாலையில் சமையல் பகுதியில் வேலை செய்பவர். அளந்து பேசுகிறவர்.

"அவர் எப்ப வாறாராம்?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்ல அண்ணி."

"ஜனவரிக் கூட்டத்துக்கு வராட்டிப் பதவி போயிடும், தெரியுமோ? ஆறு மாதம் தொடர்ந்து ஒரு கூட்டத்துக்கும் போகாட்டி இஞ்ச சட்டப்படி கவுன்சிலர் இல்லை. கடைசியா ஜூலையிலதான் போனவர்."

எனக்குத் தெரியாது. அண்ணா எங்களிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணி இன்னொன்றும் சொன்னார். அந்த நிலையத்தை மூடுகிற தீர்மானத்தைக் கட்சி ஜனவரியில் மறுபடியும் கொண்டுவருகிறது. கொறடா வீட்டுக்கே வந்து பேசியிருக்கிறார். போன தடவை கை தூக்கியது நடைமுறையில் ஏற்பட்ட தவறு என்று அண்ணா ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதுமாம். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அடுத்த தேர்தலில் இடமும் உண்டாம்.

"அப்ப நல்லதுதானே அண்ணி? தவறு எண்டு எழுதினா அது பொய்யில்லையே. அண்ணாவும் பிழையாத் தூக்கினனான் எண்டுதானே சொல்லுறார்."

"ஆர் சொன்னது பிழையா எண்டு?" என்றார் அண்ணி. "அண்டைக்குக் காலமை தேத்தண்ணி குடிக்கேக்க என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். 'இண்டைக்கு நான் எதிர்த்துத்தான் போடப்போறன், என்ன வந்தாலும் வரட்டும்' எண்டு. நான்தான் வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனான்."

தொலைபேசியை வைத்த பிறகு நான் நேரே முன்னறைக்குப் போனேன். அண்ணா எங்கள் மகளின் பாடசாலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் புத்தகத்தை மூடினார். நெற்றியைத் தடவினார். "அப்பிடிச் சொன்னனானா?" என்றார்.

"அண்ணி பொய் சொல்லமாட்டா."

"ஓம், அவ சொல்லமாட்டா." புத்தகத்தை மடியில் வைத்தார். "முதல் நாள் கொறடாவிட்டை, கட்சியோட நிப்பன் எண்டு சொன்னது ஞாபகம் இருக்கு. அந்தத் தாய்மாரிட்டை, பாப்பம் எண்டு சொன்னது ஞாபகம் இருக்கு. அவளிட்டைச் சொன்னது… சொல்லியிருப்பன். எனக்குத் தெரியேல்லப் பிள்ளை. உண்மையாத் தெரியேல்ல. களைப்பில பிழையாக் கேட்டதெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருக்கிறன். கேக்க விரும்பினதைத்தான் கேட்டனோ என்னவோ."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு மனிதனுக்குத் தன்னுடைய கை ஏன் மேலே போனது என்று தெரியாமல் இருக்குமா? இருக்கும் போலத்தான் இருந்தது. அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுத அவர் பல நாள் முயன்றார். சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துக்கொண்டு இருப்பார். இரண்டு வரி எழுதுவார், வெட்டுவார். ஒருநாள் நான் வேலையால் வந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே இருக்கச் சொன்னார்.

"நீ சொல்லு. தவறு எண்டு எழுதட்டே?"

"நான் என்னெண்டு சொல்லுறது அண்ணா?"

"எழுதினா அந்தத் தாய்மாருக்கு நான் பொய்யன். எழுதாட்டி, பிழையாத் தூக்கின கையை வைச்சு வீரன் மாதிரித் திரியிறன். போகாமலே விட்டா ரெண்டு பக்கத்துக்கும் ஒளிச்ச ஆள். மூண்டும் எனக்குப் பிடிக்கேல்ல."

"அதுக்கெண்டு என்னைக் கேட்டா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "இருவது வருசமா நீங்கள்தான் எங்களுக்கு வழி சொன்னனீங்கள். இப்ப வந்து என்னட்டைக் கேட்டா நான் எங்க போறது?"

அவர் தலையாட்டினார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன். அவருக்காக அழுதேனா, எனக்காகவா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை.

நத்தாருக்கு எங்களோடு இருந்தார். ஜனவரி முதல் கிழமை நாற்பது பாகை வெயில். அன்றைக்கு மத்தியானம் வெளியே நடந்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தவர், "நான் போட்டு வாறன் பிள்ளை. டிக்கெட் எடுத்திட்டன்" என்றார். என்ன முடிவு என்று கேட்டேன். "போய்ப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சபையின் கூட்டத்தை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். அங்கே மாலை ஏழு மணி என்றால் எங்களுக்குக் காலை ஆறு மணி. மகளின் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான், கணவர், மகள் மூன்று பேரும் பார்த்தோம். கட்சிக்காரர்கள் நெருக்கமாக இருந்தார்கள். அண்ணா பின்வரிசையில் தனியாக, பக்கத்தில் இரண்டு வெறுங்கதிரைகளோடு இருந்தார்.

நிலையத்தின் விஷயம் வந்தபோது மேயர் அவரைப் பேச அழைத்தார். அண்ணா எழும்பினார். கையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் பேசினார். போன தடவை தன் கை எப்படி உயர்ந்தது என்று தன்னைப் பலர் கேட்பதாகவும், ஆறு மாதம் யோசித்தும் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். கட்சிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். லண்டனுக்குத் திரும்பியதும் அந்த நிலையத்துக்குத் தான் போனதாகவும், அங்கே ஒரு பிள்ளை தன் கையைப் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாடு முடியும்வரை விடவில்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் சொல்லத் தெரியாதவர்போல நின்றார். பிறகு இருந்துவிட்டார்.

வாக்கெடுப்புத் தொடங்கியது. கமரா மேயரின் முகத்திலேயே நின்றுவிட்டது. கைகள் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் எண்ணி முடித்து, மூடும் தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தார்.

"வெயிட், மாமா எந்தப் பக்கம் போட்டவர்?" என்று மகள் கேட்டாள். "அம்மா, டிட் யூ சீ?"

நான் காணவில்லை. கணவரும் காணவில்லை. மேயர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், குப்பை வண்டிகள் பற்றியது. நான் உடனே அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. அண்ணிக்கு எடுத்தேன். "எனக்கும் தெரியாது. வரட்டும்" என்றார். அன்று முழுதும் வேலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்னேரம் அவரே எடுத்தார்.

"எதிர்த்துத்தான் போட்டனான்" என்றார். "இந்த முறை மேயரிட்டை ரெண்டு தரம் கேட்டுப்போட்டுத்தான் கையைத் தூக்கினனான். ஆனா மூடக்கூடாது எண்ட பக்கம் ரெண்டு பேர் வரேல்ல. தோத்திட்டம்."

"கடிதம்?"

"குடுக்கேல்ல."

நிம்மதி வந்திருக்கவேண்டும். நிலையம் மூடப்போகிறது என்பதும் அதே மூச்சில் வந்ததால், எதை நினைப்பது என்று தெரியவில்லை. அங்கிள் மட்டும் தெளிவாக இருந்தார். அடுத்த ஞாயிறு என்னைக் கண்டு, "சிங்கம் மாதிரி நிண்டவராமே!" என்றார். நான் தலையாட்டினேன்.

லண்டனில் வசந்தம் வந்தபோது அந்த நிலையத்தை மூடினார்கள். பிள்ளைகளை மூன்று வெவ்வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அண்ணா மீதிக் காலத்தைச் சுயேச்சையாக முடித்தார். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. அவருடைய இடத்துக்குக் கட்சி ஒரு இளம் பெண்ணை நிறுத்தியது.

அந்தத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு நான் அவருக்கு எடுத்தபோது காற்றும் மழையும் இரைந்தன. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நோட்டீஸ் போட வந்தனான்."

"ஆருக்கு?"

"வேற ஆருக்கு? அந்தப் பிள்ளைக்குத்தான்."

"உங்களைக் கலைச்ச கட்சிக்கோ?"

"கட்சி என்ன, அந்தக் கொறடாவின்ர சொத்தே?" என்றார். "அந்தப் பிள்ளைக்கு இந்த ரோட்டுகள் தெரியாது. எந்த வீட்டில நாய் நிக்குது எண்டு ஒருத்தர் சொல்லிக் குடுக்கவேணுமே."

"அப்ப அந்தத் தாய்மார்?"

காற்று இரைந்தது. அவர் ஏதோ வாசலில் ஒதுங்கியிருக்கவேண்டும், சத்தம் குறைந்தது.

"இப்பதான் ஒராளின்ர வீட்டுக்குப் போட்டு வாறன். அண்டைக்கு மேல நிண்டு அழுதவ. கதவைத் திறந்தா. என்னைப் பாத்தா, நோட்டீஸைப் பாத்தா. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திட்டா."

"கோவமோ?"

"தெரியேல்லப் பிள்ளை" என்றார் அண்ணா. "ஆனா வாங்கினவ."

மழை கூடுகிறது, இன்னும் ஒரு தெரு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.